தாயில்பட்டி பாம்பும் செங்கல்பட்டு பாம்பும் ஒன்றா? விஷத்துக்குள் இருக்கும் புரதக் கணக்கு... ஒரே மருந்து போதுமா?

விடியற்காலை. தாயில்பட்டியில் இருந்து பயராபீஸ் வேலைக்குக் கிளம்பிய பெண் ஒருவர், வேன் வரும் இடத்துக்குக் கருவேலங்காட்டு ஒத்தையடிப் பாதையில் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலில் ஏதோ சுருக்கென்று குத்துகிறது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், புதருக்குள் நெளிந்து மறையும் வால் மட்டும் தெரிகிறது.

"என்ன பாம்புக்கா?" என்று கூட வந்தவர் கேட்கிறார்.

"தெரியலையே... இருட்டுல வாலத்தான் பார்த்தேன்."

ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான் வரும். ஆனால் பதில் தெரியாவிட்டாலும் சிகிச்சை நிற்காது. விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் டாக்டர்கள் மருந்து ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். காரணம், இந்தியாவில் பாம்புக்கடிக்குக் கொடுக்கப்படும் மருந்து ஒன்றுதான். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பாம்பின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே குப்பி.

லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு இது. ஆனால் இதற்குள்ளேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நாலு பாம்பின் விஷமும் நாலு விதம். அதுமட்டுமல்லாமல், ஒரே பாம்பின் விஷமே ஊருக்கு ஊர் மாறுகிறது என்கின்றன ஆய்வுகள். அப்படியென்றால் அந்த ஒரே குப்பி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய பிரச்னை இது?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இறந்தவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் கிராமத்துக்காரர்கள். நான்கில் மூன்று பங்கு மரணங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தவை. வீட்டிலோ, வழியிலோ.

தமிழ்நாட்டில் 2023-ல் மட்டும் 19,795 பாம்புக்கடிகளும் 43 மரணங்களும் பதிவானதாக மாநில அரசின் கணக்கு சொல்கிறது. கடிபட்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மரணம் குறைவு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷம் என்றால் என்ன?

பாம்பு விஷத்தைக் காயவைத்தால் கிடைக்கும் பொடியில் 90 சதவிகிதத்துக்கும் மேல் புரதங்கள்தான். நாம் சாப்பிடும் முட்டை, பருப்பில் இருப்பதும் புரதம்தான். ஆனால் விஷத்தில் இருப்பவை இரையை முடக்கவும், கொல்லவும், செரிக்கவும் என்றே உருவான புரதங்கள். ஒரு பாம்பின் விஷத்தில் இப்படிப் பல டஜன் புரதங்கள் கலந்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. புஸ்வாணம், சங்கு சக்கரம், பேன்சி வெடி எல்லாமே வெளியே பார்த்தால் காகிதமும் திரியும்தான். உள்ளே போகும் மருந்துக் கலவைதான் வேறு. அலுமினியத்தூள் இருந்தால் வெள்ளை வெளிச்சம். ஸ்ட்ரான்சியம் உப்பு சேர்ந்தால் சிவப்பு. பேரியம் சேர்ந்தால் பச்சை. பொருள் மாறினாலும், அளவு மாறினாலும் விளைவு மாறிவிடும்.

பாம்பு விஷமும் அப்படித்தான். எந்தப் புரதம், எவ்வளவு என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் ஆய்வகங்களில் இப்போது பிரித்துப் பார்க்கிறார்கள். விஷத்தைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு புரதத்தின் எடையையும் 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்ற கருவியில் அளந்து, என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பட்டியல் போடுகிறார்கள். ஒவ்வொரு பாம்பின் விஷத்துக்கும் இது ஒரு ஜாதகம் மாதிரி.

நாலு பாம்பு... நாலு கலவை!

நல்லபாம்பு: இதன் விஷத்தில் முக்கியமானவை 'மூவிரல் நச்சு' எனப்படும் சின்னச் சின்னப் புரதங்கள். மூன்று விரலை நீட்டியது போன்ற வடிவம் என்பதால் இந்தப் பெயர். கையை அசைக்க வேண்டும் என்றால், மூளையின் உத்தரவு நரம்பு வழியாக வந்து, நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளாக வெளிப்பட்டு, தசையில் இருக்கும் பூட்டைத் திறக்க வேண்டும். மூவிரல் நச்சு அந்தப் பூட்டுக்குள் ஒடிந்த சாவி மாதிரி போய்ச் சிக்கிக்கொள்கிறது. உத்தரவு வந்தும் தசை அசையாது. முதலில் கண் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும். கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றுவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகைப் புரதம், கடிபட்ட இடத்தில் இருக்கும் சதையை அழுகவைக்கும்.

கட்டுவிரியன்: ராத்திரிப் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். பெரிதாக வலிக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடிந்ததும் வயிற்றுவலி என்று சொல்வார்கள், அடுத்து இமை தொங்கும். இதன் விஷத்திலும் மூவிரல் நச்சு உண்டு. ஆனால் பெரிய ஆபத்து 'பீட்டா பங்காரோடாக்சின்' என்ற புரதம். இது தசையின் பக்கம் போவதில்லை, நரம்பு நுனியையே சிதைக்கிறது. பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, சாவி கொண்டுவரும் ஆளைக் காணோம் என்ற நிலை. சிதைந்த நரம்பு நுனியை மருந்து சரிசெய்யாது. அது தானாக வளர்ந்து வரும்வரை, நாள் கணக்கில்கூட வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

கண்ணாடி விரியன்: இது ரத்தத்தைக் குறிவைக்கும் பாம்பு. நம் ரத்தம் உறைவதற்கு வரிசையாகப் பல காரணிகள் வேலை செய்கின்றன. இந்த விஷத்தில் உள்ள ஒரு புரதம் பத்தாவது காரணியையும், இன்னொரு புரதம் ஐந்தாவது காரணியையும் தட்டி எழுப்பிவிடுகின்றன. உடம்பு முழுக்கத் தேவையில்லாமல் ரத்தம் உறையத் தொடங்கி, உறைவதற்கான சரக்கு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ரத்தம் உறையவே உறையாது. பல் ஈறில், சிறுநீரில் ரத்தம் வரும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகும். 'பாஸ்போலிபேஸ் ஏ2' என்ற நொதியும் இதில் அதிகம். அது தசை, செல் சவ்வு என எல்லாவற்றையும் பதம் பார்க்கும்.

சுருட்டை விரியன்: உருவத்தில் சின்னது. கல்லும் முள்ளுமான வறண்ட நிலம் இதற்குப் பிடித்த இடம். ரம்பம் போன்ற பக்கச் செதில்களை உரசிச் சத்தம் எழுப்பும். இதுவும் ரத்தத்தைத்தான் தாக்குகிறது, ஆனால் வேறு வழியில். துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் 'மெட்டலோபுரோட்டினேஸ்' என்ற நொதிகள் இதில் நிறைய. அவற்றில் 'எக்காரின்' என்ற புரதம், பத்தாவது காரணிக்கெல்லாம் காத்திருக்காமல் நேராக புரோத்ராம்பினைத் தாக்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் வேலையையும் இந்த நொதிகளே செய்கின்றன.

ஆக, கண்ணாடி விரியனும் சுருட்டையும் ரத்தத்தைத்தான் கெடுக்கின்றன என்றாலும், கெடுக்கும் புரதம் வேறு. நல்லபாம்பும் கட்டுவிரியனும் நரம்பு மண்டலத்தைத்தான் முடக்குகின்றன என்றாலும், முடக்கும் இடம் வேறு. இதுதான் மருத்துவர்களுக்கு முன்னால் இருக்கும் சவால்.

கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

கிராமத்து ஆஸ்பத்திரியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்காது. ஆனால் அங்கேயும் டாக்டர்கள் ஒரு வகையில் இந்தப் புரதங்களைப் படித்துவிடுகிறார்கள். எப்படி?

கடிபட்டவரின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால், ரத்தத்தைக் கெடுக்கும் புரதம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கடித்தது விரியன் இனம்தான் என்று ஊகிக்கலாம். ரத்தம் உறைந்து, ஆனால் கண் இமை தொங்கினால் நல்லபாம்பு அல்லது கட்டுவிரியன் பக்கம் சந்தேகம் போகும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் போவதோடு, சில சமயம் இமையும் தொங்குகிறது. புத்தகத்தில் நரம்பைத் தாக்காது என்று வகைபிரிக்கப்பட்ட பாம்பு, இங்கே நரம்பையும் தொட்டுப் பார்க்கிறது. ஒரே பெயர் கொண்ட பாம்பின் விஷம் இடத்துக்கு இடம் மாறும் என்பதற்கு நோயாளியின் கண்ணிலேயே தெரியும் அடையாளம் இது.

மருந்து எங்கிருந்து வருகிறது?

பாம்புக்கடி மருந்தின் பயணம் மாமல்லபுரம் அருகே உள்ள வடநெம்மேலியில் தொடங்குகிறது. 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபோது பிழைப்பை இழந்த இருளர்களுக்கு, அதே திறமையை உயிர் காக்கும் வேலையாக மாற்றிக் கொடுத்தது இந்தச் சங்கம். இந்தியாவில் மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தின் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பிடித்துவரும் பாம்பை மண்பானையில் வைத்து, சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டு, பொடியாக மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே நாலு பாம்பின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு அந்தப் புரதங்களை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்கும். அந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தினால் கிடைப்பதுதான் பாம்புக்கடி மருந்து.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குதிரையின் உடம்பு, தனக்குச் செலுத்தப்பட்ட விஷத்தில் என்ன புரதம் இருந்ததோ அதற்குத்தான் எதிர்ப்பொருள் செய்யும். பார்க்காத புரதத்தை அதற்குத் தெரியாது. சங்கத்தினர் பாம்பு பிடிப்பது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் போன்ற வடமாவட்டங்களில். எனவே காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை போகும் மருந்துக்கு, பெரும்பாலும் மாதிரியாக இருப்பது இந்த ஒரு வட்டாரத்துப் பாம்புகள்.

குப்பிக் கணக்கு என்ன?

இந்தியாவில் தயாராகும் மருந்தில் 1 மி.லி. அளவு, 0.6 மி.கி. நல்லபாம்பு விஷத்தையோ, 0.6 மி.கி. கண்ணாடி விரியன் விஷத்தையோ, 0.45 மி.கி. கட்டுவிரியன் அல்லது சுருட்டை விஷத்தையோ முறிக்க வேண்டும் என்பது விதி. ஒரு குப்பி 10 மி.லி. அப்படியானால் ஒரு குப்பி 6 மி.கி. கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும்.

ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் செலுத்தும் விஷம் 63 மி.கி. என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. 63-ஐ 6-ஆல் வகுத்தால் பத்துக்குக் கொஞ்சம் மேல். பாம்புக்கடி நோயாளிக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பி வரை ஏற்றுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு, கடித்த பாம்பின் விஷமும் குதிரைக்குக் கொடுத்த விஷமும் ஒரே மாதிரி இருந்தால்தான் சரியாக வரும். கலவை மாறிவிட்டால்? 10 குப்பியில் தீர வேண்டியது 20 குப்பி கேட்கலாம். குதிரை எதிர்ப்பொருள் அதிகம் ஏற ஏற ஒவ்வாமை அபாயமும் கூடுகிறது. மருந்து கிடைக்கும் வரை நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரே பாம்பு... ஊருக்கு ஊர் வேறு விஷமா?

ஆமாம் என்கிறது பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம். அங்கே பேராசிரியர் கார்த்திக் சுனாகர் தலைமையிலான குழு, பல ஆண்டுகளாக நாட்டின் பல பகுதிகளில் பாம்பு விஷத்தைச் சேகரித்து ஒப்பிட்டு வருகிறது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன் இரண்டிலும் பகுதிக்குப் பகுதி புரதக் கலவை மாறுவதையும், சில பகுதிப் பாம்புகளின் விஷத்தை இப்போதைய மருந்து சரியாக முறிக்கவில்லை என்பதையும் இந்தக் குழுவின் ஆய்வுகள் காட்டின. ராஜஸ்தான் சுருட்டை விரியன் இதற்கு நல்ல உதாரணம். தென்னிந்தியச் சுருட்டையைவிட அது உருவத்திலும் பெரியது, விஷத்திலும் வேறு. அந்த விஷத்திடம் நம் மருந்து தடுமாறுகிறது.

ஏப்ரல் 2025-ல் இதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இந்தியா முழுக்க 34 இடங்களில் இருந்து 115 கண்ணாடி விரியன்களின் விஷத்தை எடுத்து, அந்தந்த ஊரின் வெப்பநிலை, மழையளவோடு ஒப்பிட்டார்கள். விஷம் மாறுவதற்கு ஒரு பகுதிக் காரணம் தட்பவெப்பம் என்று தெரியவந்தது. குறிப்பாக, புரதத்தை அறுக்கும் நொதிகளின் வீரியம் வறண்ட பகுதிகளில் பொதுவாகக் கூடுதலாக இருந்தது.

சரி, வறண்ட பகுதி என்றால் விருதுநகர் மாவட்டமும் ஞாபகத்துக்கு வருமே? சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்ததற்கே அந்த வறண்ட வானிலைதான் ஒரு காரணம். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஷெட்டுகள் பாதுகாப்புக்காக ஒன்றிலிருந்து ஒன்று தள்ளித் தள்ளி, வெட்டவெளியிலும் கருவேலங்காட்டின் ஓரத்திலும் நிற்கின்றன. மானாவாரிக் காடுகளில் வேலை செய்பவர்களும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆய்வு சொல்வது நாடு தழுவிய ஒரு பொதுப் போக்கை. அதை மட்டும் வைத்துக்கொண்டு 'எங்க ஊர் பாம்புக்கு மருந்தே கேட்காது' என்று முடிவு கட்டக்கூடாது. தட்பவெப்பம் போக, பாம்பு சாப்பிடும் இரை, அதன் வயது, பரம்பரை என்று வேறு காரணங்களும் விஷத்தை மாற்றுகின்றன. ஒரு வட்டாரத்துப் பாம்பின் விஷம் எப்படி என்று தெரிய வேண்டும் என்றால், அந்த வட்டாரத்துப் பாம்பிடம் எடுத்து அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி. தாயில்பட்டிக்கும் வடநெம்மேலிக்கும் இடையே சுமார் 500 கி.மீ. தூரம். அந்தத் தூரம் விஷத்தில் எவ்வளவு வித்தியாசத்தைக் காட்டுகிறது என்பது மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் கேள்வி.

130 ஆண்டு பழைய பாடம்

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இந்த விவாதம் புதிதே இல்லை. பாம்புக்கடி மருந்தை 1890-களில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பிரான்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் கால்மெட். நல்லபாம்பு விஷத்தை வைத்துத் தயாரித்த தன் மருந்து, எல்லாப் பாம்புக்கும் வேலை செய்யும் என்று அவர் நம்பினார்.

கொஞ்ச காலத்திலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆஸ்திரேலியாவில் சி.ஜே.மார்ட்டின், அந்த மருந்து அங்குள்ள பாம்புகளின் விஷத்தைச் சரியாக முறிக்கவில்லை என்று காட்டினார். பிரேசிலில் விட்டல் பிரேசில் என்ற மருத்துவர், தன் நாட்டுப் பாம்புகளின் விஷத்தை வைத்தே தனித்தனியாக மருந்து தயாரித்து, பாம்புக்கு ஏற்ற மருந்து வேண்டும் என்பதை நிலைநாட்டினார். பாம்பு மாறினால் மருந்தும் மாற வேண்டும் என்பது அன்றைக்கே உறுதியானது. ஊர் மாறினாலும் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பாடம்.

பக்கத்தில் இலங்கையைப் பார்த்தாலே இது புரியும். அங்கே நீண்ட காலமாகப் பயன்பட்டு வருவது இந்தியப் பாம்புகளின் விஷத்தில் இருந்து தயாரான மருந்துதான். அங்கே பலரைக் கடிக்கும் குழிவிரியன் ஒன்றின் விஷம் அந்த நாலு பாம்புப் பட்டியலிலேயே இல்லை. கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அந்தப் பாம்பு உண்டு. அது கடித்தால் இந்த ஒரே குப்பி கைகொடுப்பதில்லை.

அப்போ மருந்து வேலை செய்யாதா?

இந்த இடத்தில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் நம்மைக் கடிப்பவற்றில் பெரும்பாலான விஷப்பாம்புகள் அந்த நாலுக்குள்தான் வருகின்றன. ஆராய்ச்சியாளர்கள் கேட்பது இருக்கும் மருந்தை இன்னும் கூர்மையாக்க வேண்டும் என்பதைத்தான். மருந்தைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பாம்புக்கடியில் உயிரைப் பறிக்கும் முதல் காரணம் இன்றைக்கும் தாமதம்தான். மந்திரிப்பது, வேர் கட்டுவது, பாம்பைத் தேடி அடித்துக் கையோடு கொண்டுபோவது என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் விஷத்துக்குச் சாதகம். மருந்து, ரத்தத்தில் சுற்றும் விஷத்தைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனியையும் அழுகிய சதையையும் அது மீட்டுத் தராது. கட்டுவிரியன் விஷயத்தில் ஒரு மணி நேரம் என்பது பல நாள் வென்டிலேட்டருக்குச் சமம்.

அரசுகள் என்ன செய்கின்றன?

* 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் மரணங்களையும் ஊனங்களையும் பாதியாகக் குறைப்பது இலக்கு.

* மார்ச் 2024-ல் மத்திய அரசு பாம்புக்கடிக்கான தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. இலக்கு அதேதான்.

* நவம்பர் 2024-ல் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. இனி அரசு, தனியார் என எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அந்தக் கடியைப் பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவது நடவடிக்கை வெறும் காகித வேலை மாதிரி தெரியலாம். ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்கும். எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு கடித்தது, எத்தனை குப்பி ஏற்றினார்கள், எத்தனை நாளில் குணமானார் என்ற கணக்கு சேரச் சேர, எந்த வட்டாரத்தில் மருந்து தடுமாறுகிறது என்பது வெளிச்சத்துக்கு வரும். அந்த வட்டாரத்துப் பாம்பிடம் விஷம் எடுத்து, மருந்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்க அப்போதுதான் ஆதாரம் இருக்கும். வட்டாரம்தோறும் விஷம் சேகரிக்கும் மையங்கள் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்பதும் இதற்காகத்தான்.

குதிரை இல்லாத மருந்து வருமா?

முயற்சி நடக்கிறது. பிப்ரவரி 2024-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் நம் இந்திய அறிவியல் கழகமும் உள்ளிட்ட குழு, ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு எதிர்ப்பொருளை அறிவித்தது. மூவிரல் நச்சில் ஒரு வகையை, எந்தப் பாம்பில் இருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் அது. ஜனவரி 2025-ல், வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் குழு, செயற்கை நுண்ணறிவு உதவியோடு மூவிரல் நச்சைத் தடுக்கும் புதிய புரதங்களை வடிவமைத்துக் காட்டியது. எலிகளிடம் நல்ல பலன் கிடைத்திருக்கிறது.

ஆனால் இரண்டுமே நல்லபாம்பு குடும்பத்தின் மூவிரல் நச்சுக்கானவை. கண்ணாடி விரியனின் நொதிகளுக்கும் சுருட்டையின் எக்காரினுக்கும் இவை பொருந்தாது. திரும்பவும் அதே புரதக் கணக்குதான். மனிதர்களிடம் சோதித்து, ஆஸ்பத்திரி அலமாரிக்கு வரும்வரை குதிரை மருந்துதான் நமக்குத் துணை.

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

செய்ய வேண்டியவை:

* கடிபட்டவரை ஓடவிடாமல், நடக்கவிடாமல் படுக்கவைத்து தைரியம் சொல்லுங்கள்.
* மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.
* கடிபட்ட கை, காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் கிடைக்கும் வண்டியில் கிளம்புங்கள்.
* கடித்த நேரம், எப்போது இமை தொங்கியது, எப்போது வாந்தி வந்தது என்பதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.
* தூங்கி எழுந்ததும் காரணமே இல்லாமல் வயிற்றுவலி, இமை தொங்குவது என்றால் கடித்த தடம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செய்யக்கூடாதவை:

* கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள்.
* கயிறு, துணி கொண்டு இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிவிடும் ஆபத்து இருக்கிறது.
* பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள். தூரத்தில் இருந்து போட்டோ எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணாடிக் குழாயும் கண் இமையும் டாக்டருக்குச் சொல்லிவிடும்.

இருட்டில் நடந்தால் டார்ச் லைட், காலுக்குச் செருப்புக்குப் பதில் ஷூ, தரையில் படுத்தால் ஓரங்களை நன்றாகச் செருகிய கொசுவலை. இந்த மூன்றும் எந்த மருந்தையும்விட மலிவு.

கடைசியாக...

பட்டாசுத் தொழிலில் ஒரு லோடு ரசாயனம் வந்து இறங்கினால், அது என்ன, எவ்வளவு சுத்தம் என்று பார்க்காமல் கலவை அறைக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கலவை தெரியாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை விருதுநகர் மாவட்டம் பல உயிர்களைக் கொடுத்துக் கற்றிருக்கிறது.

தங்கள் காலடியில் ஊர்ந்து போகும் பாம்பின் விஷத்தில் என்ன கலவை இருக்கிறது என்று கேட்கும் உரிமை தாயில்பட்டிக்காரர்களுக்கும் உண்டு. அதை அளந்து சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்கும் ஆய்வகங்களுக்கும். அதுவரை, எந்தப் பாம்பு கடித்தாலும் முதல் வேலை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதுதான்.